ஃபீட் அனுமதிக்கலாமா? புது டிஎம்களுக்கு ஒரு வழிமுறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் முதல்முறை டன்ஜன் மாஸ்டராக (டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்) உட்காரப் போகிறீர்களா? கேரக்டர் ஷீட்டை நிரப்பும்போதே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "ஃபீட் உண்டா?" ஃபீட் என்றால் கதாபாத்திரம் கூடுதலாகப் பெறும் ஒரு சிறப்புத் திறன். கேள்வி வரும் நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வதை விட, முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அனுமதியுங்கள், ஆனால் நான்காம் லெவலிலிருந்து.

படி 1: எந்தப் புத்தகம் என்று பாருங்கள்

2014-இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஃபீட் ஒரு விருப்ப விதி. டிஎம் சரி என்றால்தான் உண்டு. 2024 புத்தகத்தில் அது ஆட்டத்தின் நிலையான பகுதி ஆகிவிட்டது. அதில் உள்ள எந்த பேக்ரவுண்டை (கதாபாத்திரத்தின் பின்னணியை) எடுத்தாலும் முதல் லெவலிலேயே ஓர் ஆரிஜின் ஃபீட் கூடவே வந்துவிடும். எனவே கீழே சொல்வதெல்லாம் 2014 விதிப்படி ஆடுபவர்களுக்கு.

குழுவில் இரண்டு புத்தகமும் புழங்குகிறதா? ஃபீட்டுக்கு எது செல்லும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே பெயர், வேறு விதி என்று நிறைய உண்டு. லக்கி ஃபீட்டுக்குப் பழையதில் 3 லக் பாயின்ட். புதியதில் அந்த எண்ணிக்கை, லெவலோடு உயரும் ப்ரொஃபிஷியன்சி போனஸோடு கூடிக்கொண்டே போகும்.

படி 2: எதை விட்டுக்கொடுத்து எடுக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

ஃபீட் சும்மா கிடைப்பதில்லை. 4, 8, 12, 16, 19 ஆகிய லெவல்களில் ஒரு ஏபிலிட்டி ஸ்கோரை (ஸ்ட்ரெங்த் போன்ற அடிப்படைத் திறன் எண்ணை) 2 ஏற்றலாம், அல்லது இரண்டை ஒவ்வொன்று ஏற்றலாம். அதை வேண்டாம் என்றால்தான் ஃபீட். ஃபைட்டர் (போர்வீரர்) வகுப்புக்கு 6, 14 லெவல்களிலும் ரோக் (திருடர்) வகுப்புக்கு 10-லும் இந்த வாய்ப்பு கூடுதலாக வரும்.

அனுமதிக்கச் சொல்வதற்கு எனக்கு முக்கியக் காரணமே இதுதான். மந்திரம் போடுபவருக்கு லெவல் ஏற ஏறப் புதுப்புது ஸ்பெல் வருகிறது. கத்தியை நம்பி இருப்பவருக்குத் தேர்ந்தெடுக்க அவ்வளவு இல்லை. ஃபீட்டையும் பிடுங்கிவிட்டால் அதிகம் இழப்பது அவர்தான்.

படி 3: பயமுறுத்தும் ஃபீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

கிரேட் வெப்பன் மாஸ்டர் என்றாலே பல டிஎம்களுக்குக் கிலி. தாக்குதல் உருட்டலில் 5 குறைத்துக்கொண்டால், பட்ட அடியில் 10 கூடும். ஒரு நான்காம் லெவல் ஃபைட்டரை எடுத்துக்கொள்வோம்: ஸ்ட்ரெங்த் 16, கையில் கிரேட்ஸ்வோர்ட், எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட உருட்டல் எட்ட வேண்டிய எண்) 15.

ஃபீட் எடுத்து அந்த 5-ஐக் குறைத்துக்கொண்டால் உருட்டலோடு கூட்டும் அவருடைய போனஸ் (ஸ்ட்ரெங்த்துக்கு 3, ப்ரொஃபிஷியன்சிக்கு 2) பூஜ்யம் ஆகிவிடும். 20 பக்கப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 30 சதவீதம். பட்டால் சராசரி 20. ஆக ஒரு வீச்சுக்கு 6. அதே ஆள் ஃபீட்டை விட்டு ஸ்ட்ரெங்த்தை 18 ஆக்கியிருந்தால் 60 சதவீதம் படும், சராசரி 11. ஒரு வீச்சுக்கு 6.6. ஃபீட் தோற்றுவிட்டது! (பகடையில் 20 விழுந்தால் அடி கூடும் கிரிட்டிக்கலைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஆனால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கிடைத்துவிட்டால் கதை மாறும்: ஃபீட்டுக்கு 10.2, ஸ்ட்ரெங்த்துக்கு 9.24. ஆர்மர் கிளாஸ் 12 என்றாலும் ஃபீட்தான் முன்னே, 9-க்கு 8.25. குறைந்த கவசமுள்ள எதிரிகளாகவே இறக்கினால் அந்த ஃபைட்டர் வெளுத்து வாங்குவார். சிக்கலில் பாதி நீங்கள் அமைக்கும் சண்டையில்தான் இருக்கிறது.

படி 4: உண்மையிலேயே தொல்லை தருபவற்றை மட்டும் பிரித்தெடுங்கள்

முதலில் வேரியன்ட் ஹ்யூமன், அதாவது மனிதக் கதாபாத்திரத்தின் மாற்று வடிவம். முதல் லெவலிலேயே ஒரு ஃபீட் தருகிறது. ஆடிப் பழகியவர் அதில் போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட்டை எடுத்துக்கொண்டு ஒரே டர்னில் இரண்டு முறை தாக்கும்போது, பக்கத்தில் இருக்கும் புதியவர் எந்தப் பகடையை உருட்டுவது என்றே தேடிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் புதியவர்கள் என்றால் இதை மட்டும் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

அடுத்து போல்ஆர்ம் மாஸ்டரும் சென்டினல் என்ற இன்னொரு ஃபீட்டும் ஒரே ஆளிடம் சேர்வது. கிளெய்வ், ஹால்பெர்ட் மாதிரி நீண்ட ஆயுதத்தோடு 10 அடி தூரத்திலேயே எதிரியை அடித்து, அதே இடத்தில் நிறுத்திவிடலாம். தடை தேவையில்லை. அந்த அடி ஓர் எதிர்வினை; ஒரு சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன்தான்; மூன்று எதிரிகளை மூன்று பக்கமாக அனுப்புங்கள்.

ஷார்ப்ஷூட்டரில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். அதே 5-க்கு 10 கணக்கோடு, முழு மறைப்பைத் தவிர மற்ற மறைவுகளும் எதிரிக்கு உதவாது, தூரத்தாலும் டிஸ்அட்வான்டேஜ் இல்லை. வில்லாளிக்கு இருக்க வேண்டிய இடைஞ்சல்கள் பெரும்பாலும் காணாமல் போகின்றன. இதை எடுத்தால் முதல் சில ஆட்டங்களைக் கவனித்துவிட்டு அப்புறம் பேசுவோம் என்று சொல்லி வையுங்கள்.

மற்ற பெரும்பாலான ஃபீட்களை யோசிக்காமல் விடலாம். டஃப் எடுத்தவர் சற்று அதிக நேரம் நிற்பார், அவ்வளவுதான்.

படி 5: முடிவை முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள்

"நான்காம் லெவலிலிருந்து ஃபீட் உண்டு, வேரியன்ட் ஹ்யூமன் இல்லை, எடுத்தது பிடிக்கவில்லை என்றால் அடுத்த லெவலில் மாற்றிக்கொள்ளலாம்." குழுவுக்கு இவ்வளவு எழுதி அனுப்பினால் போதும். கடைசியில் சொன்ன சலுகை விதிப்புத்தகத்தில் இல்லை, நாமாகக் கொடுப்பது. யாராவது ஃபீட்டே வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஸ்கோரை ஏற்றிக்கொண்டவர் பின்தங்கிவிட மாட்டார் என்பதை மேலே உள்ள கணக்கே காட்டுகிறது.

அப்புறம், மல்டிகிளாஸிங்கும் (ஒரே கதாபாத்திரம் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளைச் சேர்ப்பது) அதே புத்தகத்தில் விருப்ப விதிதான், ஆனால் தனி விதி. ஃபீட்டுக்குச் சரி சொன்னதால் அதற்கும் சரி சொன்னதாக யாராவது ஷீட்டை நீட்டினால், அதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.