ஆக்ரனில் வண்டிக்குள் உட்கார்ந்து பர்கர் சாப்பிடுவது எப்படி

ஒஹாயோவில் என் வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் ஆக்ரனில் உள்ள ஸ்வென்சன்ஸுக்குத்தான் கூட்டிப்போவேன். 1934-இல் தொடங்கிய கடை. சாப்பாடு நம் வண்டிக்கே வந்துவிடும். முதல்முறை போகிறவர்கள் கொஞ்சம் முழிப்பார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

வண்டியை நிறுத்தியதும் ஹாரன் அடிக்காதீர்கள். முகப்பு விளக்கைப் போடுங்கள், அதுதான் கூப்பிடுகிற முறை. ஒரு பையனோ பெண்ணோ ஓடி வருவார்கள். நிஜமாகவே ஓட்டம்தான்! சக்கரம் வைத்த ஷூவில் சறுக்கி வருவதெல்லாம் வேறு கடைகளில். ஆர்டர் கொடுத்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். புது வண்டிகளில் விளக்கு தானாக எரியும், அதை முன்பே ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் இன்னொரு பிள்ளை வீணாக ஓடி வரும்.

மாட்டிறைச்சி சாப்பிடுவீர்கள் என்றால் 'கேலி பாய்' (Galley Boy) என்ற பர்கரைச் சொல்லுங்கள். இரண்டு அடுக்கு சீஸ்பர்கர், இரண்டு விதமான சாஸ், உச்சியில் குச்சியில் குத்திய பச்சை ஆலிவ். சாஸ் வழியும், வெள்ளைச் சட்டை வேண்டாம். சைவம் என்றால் வெங்காய வளையமும் மில்க் ஷேக்கும் இருக்கின்றன, ஆனால் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை முழுக்க இறக்கிவிடாதீர்கள். நாலு விரல் அளவு மேலே நிற்கட்டும், தட்டை அதில்தான் மாட்டுவார்கள். ஜனவரிக் குளிரில் இது தண்டனைதான். நான் ஹீட்டரைக் கூட்டி வைத்துக்கொண்டு சாப்பிடுவேன், பொட்டலம் கட்டி வாங்க மட்டும் மாட்டேன்.

டிப்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். டாலஸில் 1921-இல் திறந்த பிக் ஸ்டாண்ட் (Pig Stand) என்ற கடையின் காலத்திலிருந்து இப்படி ஓடுகிறவர்களை நம்பித்தான் இந்தத் தொழில் நடந்தது. சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்களின் கடையிலும் முதலில் வண்டிக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். 1948-இல் அந்த வேலையாட்களை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பர்கர் 15 சென்ட். ஊர் உலகமெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கணக்குப்படி அவர்கள் செய்தது சரி. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் குப்பையைத் தட்டிலேயே வைத்து, மறுபடி விளக்கைப் போடுங்கள். தட்டை எடுத்துப்போன பிறகு கண்ணாடியை ஏற்றி, மெதுவாகப் பின்னால் எடுங்கள். வண்டிகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், கேமராவை மட்டும் நம்பாமல் கழுத்தைத் திருப்பியும் பாருங்கள்.