மாற்றுத்திறனாளிகள் கொள்கை வரைவுக்குக் கருத்து எழுத

2006-இல் வந்த தேசிய மாற்றுத்திறனாளிகள் கொள்கைக்குப் பதிலாக, 2022 ஜூனில் மத்திய அரசு புது வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இனி எப்போது கேட்டாலும் எப்படி எழுதுவது? மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் போலியோ காலோடு விவசாயம் பார்ப்பவன் சொல்கிறேன்.

முதலில் கடைசித் தேதி. அப்புறம் உங்களைத் தொடும் அத்தியாயம். அதை மட்டும் படித்துப் பத்தி எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

"அணுகல் வசதி வேண்டும்" என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். அளவுகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எங்கள் ரேஷன் கடையில் சாய்தளம் உண்டு. வாசல் உயரம் 2 அடி, சாய்தளம் 6 அடி. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது வழிகாட்டு அளவு. ஆக 24 அடி வேண்டும். ஐப்பசி மழையில், சேறு அப்பிய ஊன்றுகோலோடு அதில் ஏறுவது சர்க்கஸ்தான்.

கூடவே 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவைச் சேருங்கள். விதிகள் வந்து ஐந்தாண்டுக்குள் இருக்கிற பொதுக் கட்டடங்களை மாற்றச் சொல்கிறது அது. விதிகள் வந்தது 2017-இல். கணக்கை நீங்களே போடுங்கள்.

ஆங்கிலம் தெரியவில்லையா? சரி, தமிழிலேயே எழுதுங்கள். குறைதீர்க்கும் மனுவை மாநில மொழியில் கொடுக்க அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பு இடம் தருகிறது.

பேச இயலாத பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக எழுதினால், அவன் சைகையில் சொன்னதை மட்டும் எழுதி, அவனிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கருத்தை அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.