மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்ய பாசித்திரை: புதியவர்களுக்கான செய்முறை

தொட்டித் தண்ணீர் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். நைட்ரேட் டெஸ்ட் கிட்டில் நாலு சொட்டு விட்டுப் பார்த்தால் நிறம் அடர்சிவப்பாகிவிடும்; நைட்ரேட் அதிகம் என்று அர்த்தம். ஸ்பாஞ்ச் ஃபில்டரோ டாப் ஃபில்டரோ இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியா மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். அதோடு அவற்றின் வேலை முடிந்தது. நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கி, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஏறும் என்று ஒரு கணக்குப் போடலாம். 120 லிட்டர் பிடிக்கும் 3 அடி தொட்டி, அதில் சில கோல்ட்ஃபிஷ், ஒரு நாளைக்கு 3 கிராம் உலர் உணவு. உணவில் புரதம் 40 சதவீதம், புரதத்தில் நைட்ரஜன் சுமார் 16 சதவீதம். அப்படியானால் தினமும் 0.19 கிராம் நைட்ரஜனைத் தொட்டிக்குள் போடுகிறோம். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 0.85 கிராம், அதாவது லிட்டருக்கு 7 மில்லிகிராம். ஒரு பகுதி மீனின் உடலாக மாறிவிடும் என்று கழித்துக்கொண்டாலும், வாராவாரம் வாளி தூக்குவதற்கான காரணம் புரிந்துவிடும். போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கும் ஊர்களில் தண்ணீர் மாற்றியும் பெரிய பலன் கிடைப்பதில்லை.

பாசிக்கு இந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் சாப்பாடு. அம்மோனியா கிடைத்தால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளும். கண்ணாடியில் வளரவிடாமல் நாம் தேய்த்துத் தேய்த்து எடுக்கும் அதே பாசியை, நாம் சொல்லும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் திரையில் வளர்ப்பதுதான் பாசித்திரை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பவளப்பாறைகளை ஆராய்ந்த வால்டர் ஏடி இந்த முறையை உருவாக்கினார். அதற்கு 1982-ல் காப்புரிமையும் பெற்றார். நாம் இங்கே செய்யப்போவது அதன் எளிய வடிவம்: செங்குத்தாகத் தொங்கும் திரை, அதன் மேல் அருவியாக வழியும் தண்ணீர், இரண்டு பக்கமும் வெளிச்சம்.

ஒன்றை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாசி உறிஞ்சிய நைட்ரஜன் அந்தப் பாசிக்குள்தான் இருக்கிறது. அதைச் சுரண்டி வெளியே எடுக்கும்போதுதான் தொட்டியிலிருந்து கழிவு வெளியேறுகிறது. எடுக்காமல் விட்டால் அடியில் இருக்கும் பாசி வெளிச்சமில்லாமல் செத்து அழுகி, உறிஞ்சியதைத் திருப்பித் தண்ணீரிலேயே கொட்டிவிடும். அறுவடைக்கு வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன்.

எந்தத் தொட்டிக்குப் பொருந்தும்?

நிறைய சாப்பிட்டு நிறையக் கழிவு போடும் மீன்களுக்கு அருமையாகப் பொருந்தும். கோல்ட்ஃபிஷ், ஆப்பிரிக்க சிக்லிட், கடல் மீன் தொட்டிகள் எல்லாம் இதில் சேரும். செடி வளர்க்கும் தொட்டிக்கு வேண்டாம்; செடியின் சாப்பாட்டைப் பாசி பிடுங்கிக்கொள்ளும். தாமிரம் கலந்த மருந்து பாசியைக் கொன்றுவிடும் என்பதால் வைத்தியம் நடக்கும் தொட்டியிலும் கூடாது.

திரையின் அளவு

தொட்டி எத்தனை லிட்டர் என்பதை வைத்து அளவெடுக்காதீர்கள். போடும் உணவை வைத்து எடுங்கள். இந்தத் துறையில் பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு: தினமும் 2.8 கிராம் உலர் உணவுக்கு, அதாவது பத்து சிட்டிகை அல்லது உறையவைத்த மீன் உணவுக் கட்டி (ஃப்ரோசன் க்யூப்) ஒன்றுக்கு, 75 சதுர செ.மீ. திரை. இரண்டு பக்கமும் வெளிச்சம் விழ வேண்டும், ஆனால் கணக்கில் ஒரு பக்கப் பரப்பை மட்டும் எடுக்க வேண்டும். நம் 3 கிராம் தொட்டிக்கு 80 வரும். நன்னீரில் பாசி கொஞ்சம் மெலிந்தே வளரும் என்பதால் 10 × 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். "பெரிதாகவே வைத்துவிடலாமே" என்று தோன்றும். தேவைக்கு மேல் பெரிய திரையில் பாசி பட்டினி கிடந்து மஞ்சளடித்துப் போகும்.

வாங்க வேண்டியவை

கைவேலைப் பொருள் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் (கட்டம் கட்டமான பிளாஸ்டிக் வலை); இதுதான் திரை. முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு அடி, ஒரு எண்டு கேப். மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் தள்ளும் சிறிய பம்ப், அதற்கேற்ற ஹோஸ். மூடியுள்ள, உட்புறம் தெரிகிற உயரமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. ஒரு இஞ்ச் டேங்க் நிப்பிள் (சுவரில் துளையிட்டுக் குழாயை இணைக்கும் பாகம்) இரண்டு. 5 வாட் எல்இடி இரண்டு: 660 நானோமீட்டர் சிவப்பு க்ரோ லைட் கிடைத்தால் சிறப்பு, இல்லாவிட்டால் மஞ்சள் வெளிச்சம் தரும் வார்ம் ஒயிட் போதும். ஒரு டைமர். சென்னைக்காரர்களுக்குப் பம்பும் ஹோஸும் கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலேயே கிடைத்துவிடும்.

படி 1: திரையைச் சொரசொரப்பாக்குங்கள்

இந்த வேலையில் அவசரப்பட வேண்டாம். வழவழப்பான பிளாஸ்டிக்கில் பாசிக்குப் பிடிமானம் கிடைக்காது. கொஞ்சம் வளர்ந்ததுமே தண்ணீர் வேகத்தில் கழன்று விழுந்துவிடும். ஆக்சா பிளேடால் கேன்வாஸின் இரண்டு பக்கமும் எல்லாத் திசையிலும் அழுத்திக் கீறுங்கள். பலாப்பழத் தோல் போல முள்முள்ளாக எழும்ப வேண்டும். உப்புத்தாள் மட்டும் போதாது, அது மேலோட்டமாகத்தான் தேய்க்கும்.

படி 2: பைப்பில் பிளவு

பைப்பில் 10 செ.மீ. நீளத்துக்குக் கோடு போட்டு, இரு முனையிலும் துளையிட்டு, நடுவில் 3 மி.மீ. அகலத்துக்கு அறுத்தெடுங்கள். திரையின் மேல்விளிம்பை இந்தப் பிளவுக்குள் அரை செ.மீ. நுழைத்து, கேபிள் டையால் கட்டுங்கள். பைப்பின் ஒரு முனையில் எண்டு கேப், மறுமுனையில் ஹோஸ். கேப்பைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். உள்ளே அடைப்பு வந்தால் கழற்றிக் கழுவ வேண்டும்.

படி 3: டப்பா

டப்பா தொட்டிக்கு மேலே இருக்க வேண்டும். அதன் பக்கச் சுவரில், மேல்பக்கமாகத் துளை போட்டுப் பைப்பை நுழைத்தால் திரை நடுவில் தொங்கும். அடியில் ஒரு டேங்க் நிப்பிள் பொருத்துங்கள். அதன் வழியாகத் தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். இரண்டாவது நிப்பிளை அடித்தளத்திலிருந்து சில செ.மீ. உயரத்தில் பக்கவாட்டில் வைத்து, அதிலிருந்தும் ஒரு குழாயைத் தொட்டிக்குள் விடுங்கள். கழன்று விழும் பாசி கீழ்த் துளையை அடைத்தால், தண்ணீர் தரையில் கொட்டாமல் இந்த வழியாக இறங்கும். பம்பையும் தொட்டியின் அடியில் வைக்காமல் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். எல்லாமே அடைத்து டப்பா நிரம்பி வழிந்தாலும், பம்ப் இருக்கும் உயரம் வரைதான் தொட்டி காலியாகும், மீன் பிழைக்கும்.

படி 4: தண்ணீரின் அளவு

திரையின் அகலத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு சுமார் 50 லிட்டர் வழிய வேண்டும். நம் திரைக்கு 500. பம்ப் அட்டையில் 1000 என்று போட்டிருந்தாலும் மேலே ஏற்றும்போது பாதியாகக் குறையலாம். டப்பாவிலிருந்து இறங்கும் தண்ணீரை ஒரு லிட்டர் மக்கில் பிடித்துப் பாருங்கள், 7 விநாடியில் நிரம்பினால் சரி. இந்த வேகம் ஏன் என்று கேட்டால், பாசியை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லிய தேங்கிய நீர்ப்படலம் இருக்கும். தண்ணீர் வேகமாக ஓடினால்தான் அந்தப் படலம் மெலிந்து, சத்து பாசிக்குள் போகும்.

படி 5: வெளிச்சமும் மின்சாரமும்

லைட்டுகளை டப்பாவுக்கு வெளியே, இரு பக்கமும் திரைக்கு நேராக, 10 செ.மீ.க்குள் வையுங்கள். டப்பாச் சுவரே தண்ணீர் தெறிக்காமல் காக்கும். முடிந்தால் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் லைட்டாக வாங்குங்கள். வயர்கள் எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிய பிறகே மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். மீன் வளர்க்காதவர்களுக்கும் அது தேவைதான்.

பிளவுக்குள் பாசி புகாமலிருக்க, பைப்பின் மேல் வெளிச்சம் படாதபடி கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். முதல் சில வாரங்கள் டைமரில் 8 மணி நேரம், பாசி பச்சையாக நிலைத்த பிறகு 12 முதல் 16 மணி நேரம் வரை. தொட்டி லைட் அணைந்திருக்கும் இரவில் இதை எரியவிடுவது நல்லது. பாசி கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால், இரவில் பிஎச் இறங்குவது குறையும்.

படி 6: விதைத்தல்

தொட்டிக் கண்ணாடியிலிருந்து கொஞ்சம் பச்சைப் பாசியைச் சுரண்டி, ஈரத் திரையில் அழுத்தித் தேயுங்கள். அப்புறம் பம்பைப் போடுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டாம். பாசித்திரை மிதக்கும் தூசியை வடிகட்டாது.

முதல் வாரங்களில்

முதலில் வருவது பழுப்பு நிற வழுவழுப்பு. பலர் இதைப் பார்த்துவிட்டுத்தான் கைவிடுகிறார்கள். அதை விரலால் லேசாகத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள், பச்சை வரும். நிறத்தைப் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கலாம். கறுப்பாக, தார் பூசியதாக வளர்ந்தால் தண்ணீரில் சத்து அதிகம், வெளிச்சம் போதவில்லை; நேரத்தைக் கூட்டி, அடிக்கடி சுரண்டுங்கள். மஞ்சளாக, ரப்பர்த்தன்மையோடு வந்தால் வெளிச்சம் அதிகம். நேரத்தைக் குறைத்து, தண்ணீர் ஓட்டத்தையும் சரிபாருங்கள்.

அறுவடை

7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை லைட்டையும் பம்பையும் நிறுத்தித் திரையை வெளியே எடுங்கள். பழைய ஏடிஎம் கார்டின் விளிம்போ விரல் நகமோ போதும். சுரண்டிய பிறகும் திரையில் பச்சைச் சாயல் தங்கியிருக்க வேண்டும்; அதிலிருந்துதான் அடுத்த வளர்ச்சி. நன்னீர்த் திரையைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். கடல் நீர்த் தொட்டி என்றால் குழாய்த் தண்ணீரில் அலசலாம். பாசியை மேயும் குட்டிப் பூச்சிகள் அதில் செத்துவிடும். சுரண்டிய பாசியை மீனுக்கே போட்டால் எடுத்த கழிவு பழையபடி தொட்டிக்குள் போய்விடும். நன்னீர்ப் பாசி ரோஜாத் தொட்டிக்கு நல்ல உரம்.

வாரம் ஒரு முறை, அறுவடைக்கு முன்பு, நைட்ரேட் பார்த்து எழுதி வையுங்கள். லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே நிலையாக நின்றால் தண்ணீர் மாற்றும் இடைவெளியைக் கூட்டலாம். ஆனால் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்புகள் சேர்ந்துகொண்டே போகும், அதைப் பாசியால் எடுக்க முடியாது.