கூட்டமாக மலையேறும்போது நடக்கும் தவறுகள்: ஸ்காட்லாந்து மலைநடைக் கிளப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போகிறோம், வழிநடத்த ஒருவர் இருக்கிறார், இனி என்ன பயம் என்ற நினைப்பில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ஸ்காட்லாந்து மலைகள் உயரத்தில் பெரியவை அல்ல. 3,000 அடியைத் தாண்டிய 282 மலைகளை அங்கே மன்ரோ என்பார்கள். அவற்றில் உயரமான பென் நெவிஸே 1,345 மீட்டர்தான். ஆனால் மேலே போனால் மரம் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. அட்லாண்டிக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். 1986 மார்ச்சில் கெயர்ன் கார்ம் உச்சியில் மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று பதிவானது. எத்தனை பேர் சேர்ந்து போனாலும் காற்று ஒன்றுதான்.

நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். பென் லோமண்ட் என்ற மலைக்குப் போய்வர ஏறத்தாழ 12 கிலோமீட்டர், 990 மீட்டர் ஏற்றம். விதிப்படி நான்கு மணி நேரம். ஆனால் இது நிற்காமல் நடக்கும் ஒருவருக்கான கணக்கு. பன்னிரண்டு பேர் என்றால் ஒருவர் ஷூ கயிறு கட்டுவார், ஒருவர் மழைச்சட்டை மாற்றுவார், வேலியைத் தாண்டவே ஐந்து நிமிடம் ஆகும். ஆறு மணி நேரமாவது ஒதுக்குங்கள். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் சுமார் ஏழு மணி நேரம். நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கார் நிறுத்தத்தில் பேசிக்கொண்டே பத்தரைக்குக் கிளம்பும் குழு இருட்டில்தான் இறங்கும். அதனால் தலையில் மாட்டும் ஹெட்டார்ச் விளக்கு ஆளுக்கொன்று வேண்டும். குழுவுக்கு இரண்டு இருந்தால் போதும் என்பது தப்பு.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது குழு பிரிந்துபோவதுதான். வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய் ஒரு பாறையடியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் 'சரி, எல்லாரும் வந்தாச்சு, போகலாம்' என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு வேண்டாதவர்களுக்கு இருபது நிமிடம், வேண்டியவருக்கு ஒரு நிமிடமும் இல்லை. இப்படி நான்கு முறை நடந்தால் அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உச்சிக்கு வருவார். இறங்கும்போது கால் தடுமாறும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். அனுபவமுள்ள ஒருவர் கடைசியாக வரட்டும், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பாதை பிரியும் இடத்திலும் மேகத்துக்குள் நுழையும் முன்பும் நின்று தலையெண்ணுங்கள். அங்கே மலைமுகட்டின் தவறான பக்கம் இறங்கிவிட்டால் வேறொரு பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். சாலை வழியே கார் வந்து சேரவே வெகுநேரம் ஆகும்.

1971 நவம்பரில் எடின்பரோ பள்ளி மாணவர்கள் கெயர்ன்கார்ம் மேட்டுநிலத்துக்குப் போனார்கள். நன்றாக நடப்பவர்கள் ஒரு குழு, மற்றவர்கள் இன்னொரு குழு. முதல் குழு புகலிடக் குடிசையை அடைந்தது. இரண்டாவது குழு பனிப்புயலில் இரண்டு இரவுகள் வெட்டவெளியில் சிக்கியது. ஐந்து மாணவர்களும் பயிற்சியிலிருந்த 18 வயது துணை வழிகாட்டி ஒருவரும் இறந்தார்கள். பிரிந்தது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பலவீனமானவர்களை ஒரு பக்கமாக ஒதுக்கும்முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

வரைபடமும் திசைகாட்டியும் வழிநடத்துபவர் பையில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். விழுந்து கால் முறிவது அவராகவும் இருக்கலாம். பென் நெவிஸ் உச்சியில் மேகம் மூடினால் நேரே நடக்க முடியாது. இருபுறமும் செங்குத்தான பிளவுகள். முதலில் 231 பாகைத் திசையில் 150 மீட்டர், பிறகு 282 பாகை என்று அளந்து நடக்க வேண்டும். கைப்பேசி குளிரில் சட்டென்று அணைந்துபோகும். குறைந்தது மூன்று பேராவது, இப்போது எங்கே நிற்கிறோம் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடியவர்களாக இருக்கட்டும்.

முட்டி வலியை, மூச்சுத்திணறலை, பையிலிருக்கும் மருந்தை வாய்விட்டுச் சொல்லாமல் வருவதும் தவறுதான். 'என்னால் எல்லாரும் திரும்ப வேண்டியதாகிவிடுமே' என்ற தயக்கம் புரிகிறது. அந்தத் தயக்கத்தை உடைப்பது வழிநடத்துபவரின் வேலை. இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம் என்று கிளம்பும்போதே எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டால் பழி யார் மீதும் விழாது.

நின்றால் உடம்பு குளிர்ந்துவிடும். காற்றுப்படும் முகட்டில் சாப்பாட்டுக்கு உட்காராதீர்கள். கம்பியில்லாத கூடாரத்துணி ஒன்று குழுப் பையில் இருக்கட்டும். வட்டமாக உட்கார்ந்து தலைக்கு மேல் இழுத்து, ஓரத்தை இடுப்புக்குக் கீழே செருகிக்கொண்டால் சில நிமிடங்களில் உள்ளே கதகதப்பாகிவிடும்.

ஒற்றைவழிச் சாலையில் எதிர்வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் இடத்தில் காரை நிறுத்தாதீர்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் 20 வரை மான் வேட்டை மும்முரம். எந்தப் பக்கம் போகலாம் என்று முன்கூட்டியே விசாரியுங்கள். மழையில் பெருகிய ஓடையைக் கடக்க முயலவே வேண்டாம், சுற்றிப் போங்கள். கார் சாவி முன்னால் ஓடுபவரிடம் இருந்தால் மற்றவர்கள் நனைந்தபடி காத்திருக்க வேண்டியதுதான்.

விபத்து நடந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடாதீர்கள். 999-ஐ அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். சிக்னல் இல்லையென்றால் நிற்கும் இடத்தை வரைபடக் கட்டங்களால் குறிக்கும் எண்ணை எழுதிக் கொடுத்து இரண்டு பேரை ஒன்றாக அனுப்புங்கள். மற்றவர்கள் அடிபட்டவரோடு இருக்கட்டும். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல். வருபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அதனால் பத்திரமாக இறங்கிய பிறகு, தகவல் சொல்லி வைத்திருந்த வீட்டாருக்கு முதல் வேலையாகப் போன் செய்யுங்கள். மறந்தால் மீட்புக் குழுவினர் உங்களைத் தேடி இரவில் மலையேறிவிடுவார்கள்.