‘கைவிடு’: எழுதுபவர்கள் வழுக்கும் இடங்கள்

புதிதாக எழுத வருபவர்களின் பிரதியில் ‘கைவிடு’ என்ற சொல் தென்பட்டால், திருத்துபவர் அந்த வரியை இரண்டு முறை படிப்பார். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையை விட்டுவிடுவோம். பொருள் பிசகும் இடங்கள் மட்டும் இங்கே.

கைவிடு வேறு, புறக்கணி வேறு

‘பல ஆண்டுகளாகக் கைவிடப்பட்ட கோரிக்கை’ என்று எழுதுகிறார்கள். கோரிக்கை வைத்தவர்களே அதை வேண்டாமென்று விட்டுவிட்டார்கள் என்று பொருளாகிறது. அவர்களோ மனுவும் கையுமாக இன்னும் அலைந்துகொண்டிருப்பார்கள்! எழுத வேண்டியது ‘புறக்கணிக்கப்பட்ட கோரிக்கை’. எத்தனை முறை திருத்தினாலும் மறுவாரம் வேறொருவர் பிரதியில் இதே பிழை முளைத்து எரிச்சலூட்டும்.

ஒன்றைக் கைவிட வேண்டுமானால் முதலில் அது கையில் இருந்திருக்க வேண்டும்: உறவு, பொறுப்பு, முயற்சி, பழக்கம். ‘கெடுங்காலைக் கைவிடுவார் கேண்மை’ என்கிறது குறள் (799). நட்பு என்று ஒன்று முன்பே இருந்ததால்தான் அங்கே ‘கைவிடுவார்’ பொருந்துகிறது. புறக்கணிக்க அப்படி முன்பே எந்தத் தொடர்பும் இருக்கத் தேவையில்லை. கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். வாக்காளர்கள் தேர்தலைப் புறக்கணிப்பார்கள். போட்டியிட இருந்தவர் அந்த எண்ணத்தைக் கைவிடுவார்.

புறக்கணிப்பில் ‘தெரிந்தே’ என்பதும் அடக்கம். செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தவர் அதைப் புறக்கணிக்கவில்லை, கவனிக்காமல் விட்டார். சந்தேகம் வந்தால் இரண்டு கேள்வி போதும்: முன்பு அது யார் கையில் இருந்தது? விட்டது தெரிந்தா, தெரியாமலா?

ஓர் ‘ஐ’ விழுந்தால்

‘தாயைக் கைவிட்ட மகன்’, ‘தாய் கைவிட்ட மகன்’. குற்றவாளியே மாறிவிட்டார். தலைப்பில் இடமில்லை என்று உருபை வெட்டுபவர்கள் வேறு எதையாவது வெட்டட்டும்.

கைவிரித்தால்?

‘மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்’ என்றால், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்றால் பழி அவர்கள் பக்கம் சாய்கிறது. ‘கைகழுவிவிட்டார்கள்’ என்றால் சந்தேகமே இல்லை, வசவுதான்.

நிலம் கைவிட்டுப் போனது

இது இழப்பு. கடனில் மூழ்கிப்போனதை இப்படித்தான் சொல்வோம். ‘நிலத்தைக் கைவிட்டார்’ என்றால் அவராகவே விட்டுப் போனார். கடனுக்கு நிலத்தைப் பறிகொடுத்தவரைப் பற்றி இரண்டாவதை எழுதுவது அநியாயம்.

எல்லாக் கைவிடலும் பழியல்ல

‘புகைப்பழக்கத்தைக் கைவிட்டார்’: பாராட்டு.

உதாசீனம்

ஆளுக்கும் பேச்சுக்கும் சரி. பாழடைந்த கட்டடத்துக்கு ஒட்டாது, அதற்குக் ‘கைவிடப்பட்ட’.

இடைவெளி

சைக்கிளைக் கை விட்டு ஓட்டினான். குடும்பத்தைக் கைவிட்டு ஓடினான்.