ஒரே இரவில் பேட்டரி இறங்கும் பிக்கப்: மின்சாரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

மாலையில் நன்றாக ஓடி நின்ற பிக்கப் காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? உடனே புதுப் பேட்டரி வாங்காதீர்கள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கவும் வேண்டாம். என் வண்டியில் இதே தொல்லையைத் தீர்த்த பிறகு நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: வண்டி முழுமையாக உறங்கிய பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. 5 வாட் விளக்கு ஒன்று இரவு முழுக்க எரிந்தால் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். 10 மணி நேரத்துக்கு 4 ஆம்பியர்-மணி. நல்ல நிலையில் உள்ள 70 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்கெல்லாம் படுத்துவிடாது. ஆகவே ஒரே இரவில் வண்டி கிளம்ப மறுத்தால், பேட்டரி தளர்ந்திருக்க வேண்டும், அல்லது சில ஆம்பியர்களை ஏதோ ஒன்று இழுக்க வேண்டும்.

படி 1: பேட்டரியைச் சோதியுங்கள்

சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ட்டாவது இருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனைக் (−) கேபிளைக் கழற்றி இரவு முழுக்க அப்படியே விடுங்கள். கேபிள் இல்லாமலேயே காலையில் 12.2 வரை இறங்கியிருந்தால் பேட்டரிதான் குற்றவாளி. மேற்கொண்டு தேட வேண்டாம். இஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். அதற்குக் குறைவாகவே நின்றால் பேட்டரி நிறையவே இல்லை என்று பொருள்.

படி 2: வண்டியை உறங்க வையுங்கள்

என்னை அதிக நேரம் திணறடித்தது இந்தப் படிதான். இன்றைய வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சிறு கணினிகள் விழித்திருக்கும். அவை அடங்க 20 நிமிடம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அதற்குள் அளந்தால் மீட்டர் பல ஆம்பியர்களைக் காட்டி வீணாகப் பயமுறுத்தும்.

ஃபியூஸ் பெட்டி எட்டும்படி கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கதவு மூடியிருப்பதாக வண்டி எண்ணிக்கொள்ளும். பானெட்டின் பூட்டுக்கும் இதையே செய்யுங்கள். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும். மறந்து ஓங்கிச் சாத்தினால் பூட்டு உடையும்.

படி 3: மொத்த மின் இழுவை எவ்வளவு?

என் தேர்வு நேர்மின்னோட்டத்தை (DC) அளக்கும் கிளாம்ப் மீட்டர். எதையும் கழற்றாமல் எதிர்முனைக் கேபிளைச் சுற்றிக் கவ்வினால் போதும். மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல மாறுமின்னோட்டத்தை (AC) மட்டுமே அளக்கும். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கவ்வுங்கள்.

சாதாரண மல்ட்டிமீட்டர்தான் இருக்கிறதென்றால், சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் செருகி, எதிர்முனைக்கும் அதன் கேபிளுக்கும் இடையே மீட்டரை இணையுங்கள். கூடவே ஒரு தடித்த கம்பியால் அதே இரு இடங்களையும் இணைத்துவிட்டு, வண்டி உறங்கிய பிறகு அந்தக் கம்பியை எடுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது; மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் அந்தக் கணமே எரிந்துவிடும்.

50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. 300, 500 என்று நின்றால், நல்ல பேட்டரி ஒரே இரவில் படுத்துவிடாது என்றாலும், தேட வேண்டும்.

படி 4: ஃபியூஸைப் பிடுங்காமல் தேடுங்கள்

ஃபியூஸைக் கழற்றி மாட்டினால் உறங்கிய கணினி மீண்டும் விழித்துக்கொள்ளும். காத்திருந்த நேரமெல்லாம் வீண். பெரும்பாலான ஃபியூஸ்களின் தலையில் இரு சிறு உலோகப் புள்ளிகள் இருக்கின்றன. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அவற்றின் மேல் இரு முனைகளையும் தொடுங்கள். சுழி என்றால் அந்த வழியே மின்சாரம் போகவில்லை. 10 ஆம்பியர் சிறு ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் ஏறத்தாழ 130 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று கொள்ளலாம். 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் மீட்டர் இதற்கு அவசியம்.

ஃபியூஸ் அகப்பட்டதும் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, அதோடு இணைந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பிக்கப்பில் நான் முதலில் சந்தேகிப்பது டிரெய்லர் பிளக்கை, அதாவது பின்னால் மாட்டும் டிரெய்லருக்கான மின் இணைப்பை. சேறும் நீரும் புகுந்து பச்சை பூத்த முனைகளின் வழியே மின்சாரம் கசியும். அடுத்து சரக்குப் பகுதி விளக்கு, பிறகு வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ, கேமரா, ஜிபிஎஸ். சாவியோடு அணையாத இணைப்பில் இவற்றை மாட்டியிருப்பார்கள்.

எல்லா ஃபியூஸும் சுழி காட்டினால்?

இஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதன் தடித்த கேபிள் பெரும்பாலும் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரிக்கு வருகிறது. உள்ளே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு பழுதானால் இரவெல்லாம் பின்னோக்கி மின்சாரம் ஓடும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகு அந்தக் கேபிளை எடுத்து, முனையைத் துணியால் நன்றாகச் சுற்றிவிட்டு, எதிர்முனையை மீண்டும் இணைத்து, வண்டி உறங்கிய பிறகு அளந்து பாருங்கள். இழுவை விழுந்துவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பழுது பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் இஞ்சினைக் கிளப்பும் முன் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளின் ரிலே (மின் சுவிட்ச்) அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் பேட்டரி சில மணி நேரத்தில் காலியாகும். அந்த ரிலேயைத் தொட்டால் சூடாக இருக்கும்.

பிற்சேர்க்கை: எவ்வளவு காத்திருந்தும் இழுவை குறையவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவரிடமும் சாவி சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியானால், சாவி அருகில் இருக்கும்வரை அது உறங்காமல் போகலாம். அதை வீட்டுக்குள் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருப்பை முதலிலிருந்து தொடங்குங்கள்.