ஆடு சுற்றினால் பிரியான் நோயா? நம் பக்கம் நடக்கும் தவறுகள்

திருப்பாலைக்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு கீதாரி (மந்தைக்காரர்) என்னிடம் கேட்டார்: “தம்பி, ஒரு ஆடு சுத்திச் சுத்தி வருது. செய்தியில சொன்னாங்களே, அந்த மாட்டுக் கிறுக்கு நோயா இது?” பயத்தில் அந்த ஆட்டை அவர் தனியே கட்டிவிட்டார். ஆனால் முந்தின வாரம் இதேபோல் செத்த இன்னொரு ஆட்டின் தலையைக் கிடை நாய்க்குப் போட்டிருக்கிறார். பயப்பட வேண்டிய இடம் அந்தத் தலைதான்.

பிரியான் என்பது கிருமி அல்ல. நம் மூளையிலேயே இருக்கும் ஒரு புரதம் தவறாக மடிந்து, பக்கத்துப் புரதங்களையும் தன்னைப் போலவே மடிய வைப்பதுதான் நோய். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி புருசினர் 1982-இல் இதற்குப் பிரியான் என்று பெயர் வைத்தார், 1997-இல் நோபல் பரிசு பெற்றார். செம்மறியில் ஸ்கிரேப்பி, மாட்டில் ‘மேட் கவ்’ (கீதாரி சொன்ன மாட்டுக் கிறுக்கு), மனிதரில் சி.ஜே.டி. (குரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய்) எல்லாம் இந்த வகைதான். மருந்து இல்லை.

இந்தியாவில் ‘மேட் கவ்’ நோய் பதிவானதில்லை. ஸ்கிரேப்பி மட்டும் 1961-இல் இமயமலை அடிவாரச் செம்மறிகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே நம் ஆடு வட்டமடித்தால் முதலில் நினைக்க வேண்டியது மூளையில் நீர்க்கட்டி. நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சலோடு ஆட்டுக்குள் போய், மூளையில் கட்டியாக வளர்கிறது. அந்தத் தலையை நாய் தின்றால் புழு மறுபடி நாய்க்குள் போய், அடுத்த ஆட்டுக்கு வழி திறக்கிறது. தலையை நாய்க்குப் போடாதீர்கள், கிடை நாய்க்குப் பூச்சி மருந்து கொடுங்கள். ஸ்கிரேப்பியில் வருவதுபோல ஆடு கம்பத்தில் உரசி முடி கொட்டினாலும் முதலில் சொறி, உண்ணியைத்தான் பார்க்க வேண்டும்.

மாட்டின் விஷயத்தில் இன்னும் பெரிய தவறு நடக்கிறது. எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் தள்ளாடும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வெறும் கையை உள்ளே விடுகிறார்கள். அது வெறிநோயாக (ரேபிஸ்) இருக்கலாம். அப்படிக் கை விட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கன்று ஈன்ற மாடு படுத்தே கிடந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம், ஊசி போட்டால் எழுந்துவிடும். 1962-க்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். “மாட்டுக் கிறுக்கு, ஒன்றும் செய்ய முடியாது” என்று கைவிட்டுவிடாதீர்கள்.

சரி, பிரியானுக்கே வருவோம். இங்கே கவனிக்க வேண்டியது தீவனம். பிரிட்டனில் செத்த கால்நடைகளின் இறைச்சி, எலும்பை அரைத்த தூளை மாட்டுத் தீவனத்தில் சேர்த்ததால்தான் ‘மேட் கவ்’ நோய் பரவியது. 1986-இல் நோயைக் கண்டுபிடித்தார்கள், 1988-இல் அந்தத் தூளை ஆடுமாடுகளுக்குத் தடை செய்தார்கள். அப்படியும் தடைக்குப் பிறகு பிறந்த 40,000-க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு நோய் வந்தது. அந்தத் தூள் கலந்த பன்றி, கோழித் தீவனத்தை அரைத்த அதே ஆலையில் மாட்டுத் தீவனமும் அரைபட்டதுதான் முக்கியக் காரணம். நோயுற்ற மூளைத் திசு ஒரு கிராமுக்கும் குறைவாக வாயில் போனாலே மாட்டுக்கு நோய் வரும். இதைப் படித்த பிறகு, மிஞ்சிய கோழித் தீவனத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. நம் ஊரில் அந்த நோய் இல்லை என்பது உண்மை. இல்லாமலே இருக்க வேண்டுமானால் இந்தப் பழக்கம் வேண்டாம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் சங்காய மீனை (விலைபோகாத கழிவு மீன்) காயவைத்து அரைக்கும் தூளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது வெறும் மீன் என்றால் இந்தக் கவலை இல்லை. எலும்புத் தூள் கலந்ததுதான் ஆகாது.

“நன்றாக வேகவைத்தால் எல்லாம் செத்துவிடும்” என்பதும் தவறு. உயிரே இல்லாத ஒன்றை எப்படிக் கொல்வது? கொதிக்கும் குழம்பும் சாராயமும் ஃபார்மலினும் பிரியானை அழிக்காது. மண்ணிலும் அது நிலைக்கும். ஐஸ்லாந்தில் ஒரு பண்ணையில் 16 ஆண்டுக்குப் பிறகும் ஸ்கிரேப்பி திரும்பி வந்திருக்கிறது. அதற்காகத் தலைக்கறியைப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்கிரேப்பி ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனால் நரம்புக் கோளாறோடு செத்த எந்தப் பிராணியையும் சாப்பிடாதீர்கள், கண்மாய்க்கரையிலோ கருவேலங்காட்டிலோ வீசாதீர்கள்.

மனிதர் விஷயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. சி.ஜே.டி. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர், இருவருக்கு வருகிறது. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு, கறியோடு சம்பந்தமே இல்லாமல் தானாக வருவது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இதற்குப் பதிவேடு இருக்கிறது. சில வாரங்களிலேயே நினைவு போய், நடை தடுமாறி, கைகால் வெட்டி இழுக்கும். இப்படி வரும்போது நம் பக்கம் முதலில் ஏர்வாடி தர்காவுக்குத்தான் கூட்டிப் போவார்கள். துஆ செய்யுங்கள், ஆனால் அதே வாரம் நரம்பியல் மருத்துவரிடமும் காட்டுங்கள். மூளைக் காசநோய், தைராய்டு, பி12 குறைவு, நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் அழற்சி எல்லாம் இதே போலத் தோன்றும், அவற்றுக்கு மருந்து உண்டு. சி.ஜே.டி. என்றே உறுதியானாலும் அந்த அத்தாவை (அப்பாவை) ஒதுக்கி வைக்காதீர்கள். தொடுவதாலோ, சோறு ஊட்டுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ பரவாது. மௌத்தானால் (இறந்தால்) வழக்கமான கையுறையோடு ஜனாஸாவை (உடலை) குளிப்பாட்டலாம், நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டும் இந்து வீடுகளுக்கும் இதேதான்.

பரவும் வழிகளில் ஒன்று அறுவைக் கருவி. 1970-களில் சூரிச்சில், நோயாளியின் மூளையில் வைத்த மின்முனைகளை ஆல்கஹாலாலும் ஃபார்மால்டிஹைடு ஆவியாலும் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தியதில் இளம் வயதினர் 2 பேருக்கு நோய் வந்தது. ஆகவே குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், மூளை, தண்டுவடம், கண் அறுவைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கருவிகளை 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம் வைப்பதா, காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதா, எரித்துவிடுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இந்த நோயால் இறந்தவரின் கண்ணைத் தானம் செய்யக் கூடாது, கருவிழி வழியாகவும் இது தொற்றியிருக்கிறது.